பூட்டிய வீடுகள் நோட்டு

மயிலாப்பூரில் குளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு காவல் நிலையத்தில் இது நடந்தது. எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். சொன்னால் ஒரு நல்ல மனுஷிக்கு மெமோ போகும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அந்த மனுஷியின் பெயர் மணிமொழி. தலைமைக் காவலர், நிலையத்தின் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. வருகிற புகாரிலிருந்து பிடிபட்ட சைக்கிள் வரை எல்லாவற்றையும் எழுதி வைக்கிற வேலை அது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவளை விடாத ஒரு பழக்கம், காரணம் கேட்பது. குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவனிடம்கூட எந்தக் கடை, யாரோடு, எதற்காக என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலை ஆர்வமாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அதட்டுவாள்.

ஏப்ரல் கடைசியில், பள்ளிக்கூடம் மூடி ஊரே சொந்த ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில், அந்த நிலையத்துக்கு சகினா வந்து சேர்ந்தாள்.

சகினாவின் நகரத்தில் ஏழு வருஷம் சண்டை நடந்து, ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நகரத்தின் பெயரைச் சொன்னால் டிவியில் பார்த்த இடிந்த கட்டடங்கள்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். அவளுக்கு அது பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். அங்கே போலீஸ் என்ற ஒன்றை முதலிலிருந்து உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய போலீஸில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதிப் பேர் வெளியில் முகம் காட்ட முடியாத காரியங்களைச் செய்திருந்தார்கள். அதனால் டீச்சர், நர்ஸ், தையல்காரி என்று புது ஆட்களாகப் பொறுக்கி, அதில் பன்னிரண்டு பெண்களைப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். வகுப்புகள் முடிந்து, கடைசி இரண்டு வாரம் ஆளுக்கொரு காவல் நிலையத்தில் உட்கார்ந்து நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சகினா கணக்கு டீச்சராக இருந்தவள். முப்பத்திநாலு வயசு. திரும்பிப் போனதும் அவளுடைய தெருவிலேயே ஒரு சின்ன நிலையம் திறக்கப் போகிறார்கள், அதற்கு அவளைப் பொறுப்பாக இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சென்னையை விட்டுக் கிளம்புவதற்குள் சரி என்றோ முடியாது என்றோ ஒரு பதில் அனுப்ப வேண்டும். அவள் முடியாது என்றால் அந்தத் தெருவில் நிலையம் கிடையாது. அவளைத் தவிர அங்கே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பாவோ, "நம் தெருவில் யார் வந்து உன்னிடம் எதைச் சொல்வார்கள்?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சொன்னது இந்தியில், அதுவும் சினிமா பார்த்துக் கற்ற இந்தி. மணிமொழிக்கு இந்தியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரியும், அதோடு சரி. நடுவில் நின்றவள் கான்ஸ்டபிள் நஸ்ருன்னிசா. ராயப்பேட்டைக்காரி, வீட்டில் உருது. நாலு நிமிஷம் பேசினதை நாலு வார்த்தையில் முடிப்பாள். கசப்பாக இருந்தால் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்லுவாள். "யார் மனசும் நோகக் கூடாதுக்கா" என்பது அவளுடைய கொள்கை.

இரண்டாம் நாள் மேஜைமேல் கிடந்த நீளமான நோட்டு ஒன்றைக் காட்டி, அது என்ன என்று சகினா கேட்டாள். அட்டையில் 'பூட்டிய வீடுகள்' என்று எழுதியிருந்தது. நஸ்ருன்னிசா அதை அப்படியே மொழிபெயர்த்தாள். சகினாவின் முகம் மாறியதை மணிமொழி கவனித்தாள், ஆனால் காரணம் புரியவில்லை. அன்று சாயங்காலம் அந்த வீடுகளைப் பார்க்க ரோந்து கிளம்பியபோது சகினா தலைவலி என்று சொல்லிவிட்டாள். மறுநாளும் தலைவலி.

நாலாம் நாள் அவளே நஸ்ருன்னிசா மூலம் கேட்டாள்.

"இந்த வருஷம் எத்தினி வீடு பூட்டுனீங்கன்னு கேக்குறாங்கக்கா."

மணிமொழிக்கு வேலையைப் பற்றிக் கேட்டால் பெருமை தாங்காது. "இந்த மாசம் மட்டும் நாப்பத்தி ஒண்ணு. மே வரட்டும், நூறு தாண்டும்னு சொல்லு."

"அந்த வீட்டுக்காரங்கல்லாம் இப்ப எங்கன்னு கேக்குறாங்க."

"ஆளுக்கு ஒரு பக்கம். யாரு எங்க இருக்காங்கன்னு எல்லாம் இதுல இருக்கு. நம்மகிட்ட சொல்லாம ஒருத்தரும் போக மாட்டாங்க."

சகினா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து வாசல்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்து சிதம்பரநாதன் உள்ளே வந்தார். தி. நகரில் பாத்திரக்கடை, மந்தைவெளியில் வீடு, பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். வந்தவர் யாரையும் கேட்காமல் நோட்டை எடுத்துப் பிரித்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, தானாகவே எழுத ஆரம்பித்தார். "நம்ம ஊர்ல அம்மன் கோயில் கொடைம்மா. பத்து நாள் வீடு பூட்டிக் கெடக்கும். ஒரு எட்டுப் பாத்துக்கிடுங்க" என்றார்.

சகினா வாசலிலிருந்து திரும்பி வந்து அவரையே பார்த்தாள். பிறகு நஸ்ருன்னிசாவிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். நஸ்ருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு. பூட்டுனது நாமன்னு நெனச்சிருக்காங்க. வீட்டுக்காரங்களை வெளிய தள்ளிட்டு போலீஸ் பூட்டுன வீடுங்க போலன்னு."

பூட்டிய வீடு என்று எழுதிவிடுகிறோம். பூட்டியது யார் என்று அந்த இரண்டு சொல்லில் எங்கே இருக்கிறது? நாலு வருஷமாக அந்த அட்டையில் அதே தலைப்பை எழுதி வந்த மணிமொழிக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. "நாப்பத்தி ஒண்ணுன்னு பெருமையா வேற சொன்னேனேடி" என்று நஸ்ருன்னிசாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதற்குப் பிறகு சகினாவின் தலைவலி போய்விட்டது. அவளும் காரணம் கேட்கிறவள்தான் என்பது மணிமொழிக்குத் தெரியவந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. வீடு காலியாக இருக்கிறது என்பதைப் போலீஸிடம் ஏன் ஒருத்தர் வலியவந்து சொல்ல வேண்டும் என்று சகினா கேட்டாள். மணிமொழி அதை ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு பேருமாக வருகிறவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். சிதம்பரநாதன், "சொல்லாமப் போனா சாமி கும்பிடும்போதும் பீரோ நெனப்புதான் வரும்" என்றார். ரிடையரான பரத்வாஜ் என்பவர், "பொண்ணாத்துக்கு டல்லாஸ் போறோம், ஆறு மாசம் ஆத்தைப் பூட்டிண்டு" என்று ஆரம்பித்து டல்லாஸைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். ஓர் அம்மாள், "நாளைக்குத் திருட்டுப் போனா நீ சொல்லலையேன்னு நீங்க கேட்டுடக் கூடாதில்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். சகினா எல்லாவற்றையும் தன் மொழியில் குறித்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அன்று நஸ்ருன்னிசா எதையும் சுருக்கவில்லை.

அவர்கள் ஊரிலும், வேறு பெயரில், இப்படி ஒரு நோட்டு இருந்ததாம். சண்டை தொடங்கிய மாசம் அவள் அப்பா நிலையத்துக்குப் போய், பத்து நாள் தங்கை வீட்டுக்குப் போகிறோம், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் நிலையம் ஆயுதக்காரர்கள் கைக்குப் போனது, நோட்டும் போனது. எந்தெந்த வீட்டில் ஆள் இல்லை என்று தேடவேண்டிய சிரமமே அவர்களுக்கு இருக்கவில்லை. திரும்பி வந்த அப்பா தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மணிமொழி அவள் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"பழைய நோட்டெல்லாம் எங்க வைப்பீங்கன்னு கேக்குறாங்கக்கா" என்றாள் நஸ்ருன்னிசா.

பரணில் இருக்கும் என்று மணிமொழி சொன்னாள். காட்டுகிறேன் என்று ஸ்டூலைப் போட்டு ஏறியும் பார்த்தாள். பரண் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பொங்கலுக்கு முன்னால் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வந்தபோது நிலையத்துக்கு வெள்ளையடித்தார்கள். அப்போது வேண்டாத காகிதமெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போனது. எடுத்துப்போகச் சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தாள். அவளேதான்.

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தணிகாசலம் அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் ஆற்றோரக் குடிசையில் இருப்பவர். தராசுக்குப் பின்னால் சாக்குமூட்டைமேல் சாய்ந்திருந்தார்.

"அது எப்பவோ பூட்ச்சே, ஏட்டம்மா. நல்ல கெட்டிப் பேப்பரு. சுண்டல்காரங்க வந்து அள்ளிக்கினு பூட்டாங்க."

"அதுல ஜனங்க வீட்டு அட்ரஸெல்லாம் இருந்துச்சு."

"நான் இன்னாத்த கண்டேன், எனக்குப் படிக்க வராதே. படிச்சவங்க நீங்கதான போட்டீங்க."

மணிமொழி பேச்சை மாற்ற, "நீங்க ஊருக்குப் போனா ஸ்டேஷன்ல எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

தணிகாசலம் நன்றாகச் சிரித்தார். "நம்ம வூட்டுக்குப் பூட்டே லேது. பக்கத்து வூட்டாண்ட ஒரு வார்த்த சொல்லிக்கினு போவோம். ஸ்டேஷனாண்ட போய் நான் ஊர்ல இல்லன்னு சொன்னா, எங்க போற, இன்னாத்துக்குப் போறன்னு என்னியத்தான் குடைவாங்க. அத்த வுடு. ஏட்டம்மா, நீ உன் வூட்ட எழுதிக்கீறியா?"

நஸ்ருன்னிசா மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, இருந்தாலும் மொழிபெயர்த்தாள். சகினா மணிமொழியின் பக்கம் திரும்பி, பதிலுக்குக் காத்திருந்தாள்.

எழுதியதில்லை. ஒரு தடவைகூட இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் கீழ் வீட்டு சண்முகவடிவிடம்தான் சொல்லிவிட்டுப் போவாள். ஏன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ரைட்டர் என்பதால்தான் என்று பட்டது. நோட்டு எங்கே கிடக்கும், யார் யார் புரட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போய், வாங்கிய சுண்டல் பொட்டலங்களை எல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை. நஸ்ருன்னிசா நாலு பொட்டலம் சாப்பிட்டதுதான் மிச்சம். நோட்டுத் தாள் ஒன்றுகூட அகப்படவில்லை, அதனால் மணிமொழிக்கு நிம்மதி வந்துவிடவும் இல்லை. தான் எழுதிய வீடுகள் இந்த மணலில் எங்கெங்கோ கிடக்கின்றன என்று நினைக்க அவமானமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் அவள் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள் வீடு பூட்டியிருக்கும். வியாழக்கிழமை மாலை மணிமொழி ஒரு சாதாரணப் புடவையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்துக்குப் போனாள். அது தெற்கே, மழை பெய்தால் தண்ணீர் புகுந்துவிடும் ஒரு பேட்டை. அந்த நிலையத்தின் பெயரும் வேண்டாம். "நீயே போலீஸ், உனக்கு எதுக்கு இன்னொரு போலீஸ்?" என்றார் புருஷன். சகினாவும் நஸ்ருன்னிசாவும் கூடவே வந்து சுவரோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னம்மா?" என்றார் அங்கிருந்த ரைட்டர், முகத்தை நிமிர்த்தாமல். தானும் ஒரு நாளைக்கு முப்பது தடவை இப்படித்தான் கேட்கிறோம் என்று மணிமொழிக்குத் தோன்றியது. விஷயத்தைச் சொன்னாள். நோட்டைத் திருப்பி அவள் முன்னால் தள்ளினார். அதில் அவளுக்கு முந்தின வரியில் ஒரு பெண்ணின் பெயர், மூன்றாவது மாடி, பத்தாம் தேதி வரை. அதற்கு முந்தின வரியில் அவள் தெருவிலேயே ஒரு வீடு. நின்ற நிலையில் ஐந்து காலி வீடுகள் அவளுக்குத் தெரிந்துவிட்டன. நூலில் கட்டியிருந்த பேனா கையிலிருந்தது, கை நகரவில்லை.

"எழுதுங்கம்மா. பின்னாடி ஆள் நிக்குது."

"இந்த நோட்டை எங்க சார் வைப்பீங்க?"

"ஏன், தூக்கிட்டுப் போகப் போறீங்களா?"

தான் யார் என்று சொல்லியிருந்தால் எழுந்து நாற்காலி போட்டிருப்பார். அவள் சொல்லவில்லை. பெயர், கதவு எண், தேதி என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் நோட்டை மூடி, டீ கப்புக்குக் கீழே வைத்துக்கொண்டார். மணிமொழி வெளியே வந்ததும், "பயமா இருக்குன்னு சொல்லுடி அவங்ககிட்ட" என்றாள். சகினா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ரோந்து போகிற காவலர்கள் பூட்டிய வீட்டு கேட்டில் தொங்கும் சின்ன நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து இடுவார்கள். அதற்கு பட்டா புத்தகம் என்று பெயர். கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட மணிமொழிக்கு அந்தப் புத்தகத்தின் ஞாபகம்தான். எழுதிவைத்தும் பீரோ நினைப்பு போகவில்லை, சிதம்பரநாதன் கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது வீடு வைத்தது வைத்தபடி இருந்தது. புத்தகத்தில் வெள்ளிக்கு ஒரு கையெழுத்து, சனிக்கு ஒன்று. ஞாயிறு காலி. "ரெண்டு நாள் ஒரு போலீஸ்காரர் வந்தாரும்மா. நேத்து யாரையும் காணலை" என்றாள் சண்முகவடிவு. நேற்று சேப்பாக்கத்தில் மேட்ச், பாதி ஆட்களைப் பந்தோபஸ்துக்கு இழுத்திருப்பார்கள் என்பது மணிமொழிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்தக் காலி இடத்தில் ஒரு கிறுக்கல் போட அரை நிமிஷம் ஆகாது. அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் சகினா கிளம்பும் நாள், பதினொரு மணிக்கு அவளைக் கூட்டிப்போக வேன் வருவதாக இருந்தது. அவள் பதிலை இன்னும் அனுப்பவில்லை. அன்று காலை மணிமொழி பட்டா புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நஸ்ருன்னிசா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவளை ஓரமாக இழுத்தாள்.

"மூணு நாளும் வந்தாங்கன்னு சொல்லிடுங்கக்கா. ஒரு கையெழுத்துல என்ன ஆயிடப்போவுது? நல்லபடியா ஒரு வார்த்த கேட்டுட்டுப் போனா சரின்னு சொல்லிடுவாங்க. அங்க ஒரு ஸ்டேஷன் வரும்."

சகினா எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்களா என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் வந்தாங்க. ஞாயித்துக்கிழமை வரலை" என்றாள் மணிமொழி.

நஸ்ருன்னிசா தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளமான மொழிபெயர்ப்பை அவள் செய்ததே இல்லை. குரலில் தேன் வழிந்தது. அதன் நடுவில் மணிமொழியின் காதில் ஒரு சொல் விழுந்தது. தீன். மூன்று.

மணிமொழி கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள்.

"தோ" என்றாள்.

நஸ்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். சகினா விரல்களைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தை இழுத்து ஞாயிற்றுக்கிழமையின் காலி இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் பேசியதை நஸ்ருன்னிசா இந்தத் தடவை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"எங்க ஊர் நோட்டுல எல்லா நாளைக்கும் கையெழுத்து இருந்துச்சாம்க்கா. ஒரு நாள்கூடக் காலியா இருந்ததில்லையாம். வீடெல்லாம் கைமாறிப்போன அப்பறமும் கையெழுத்து வந்துக்கினே இருந்துச்சாம்."

வெளியே வேன் வந்து நின்றது. சகினா எழுந்து, புத்தகத்தைக் காட்டி, இதை எடுத்துக்கொள்ளலாமா, அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று கேட்டாள்.

மணிமொழிக்குக் கொடுக்க ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு வாரப் பழக்கத்துக்கு ஞாபகமாகக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் கையை நீட்டிப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கச் சொல்லு நஸ்ரு. தர முடியாது. இதுல என் வீட்டு நம்பர் இருக்கு."

நஸ்ருன்னிசா சொல்லி முடித்ததும் சகினா சிரித்தாள். இந்த இரண்டு வாரத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே போனை எடுத்து, ஒரு சொல்லை அடித்து அனுப்பிவிட்டு, நஸ்ருன்னிசாவிடம் ஏதோ சொன்னாள்.

"சரின்னு அனுப்பிட்டாங்கக்கா" என்றாள் நஸ்ருன்னிசா.

"நீ ஒண்ணும் சேர்த்துச் சொல்லலியே?"

"அவங்க போனை நீங்களே பாருங்க."

மணிமொழி பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துதான். ஆனால் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அனுப்பியும் ஆகியிருந்தது. அவள் பட்டா புத்தகத்தை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சகினாவை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள்.